கூரையில்லாக் கோட்டைக்குப் பஸ் விடவேண்டாம்

அனுப்புநர்:
க. இராஜேந்திரன்,
செவ்ரான்.

பெறுநர்:
திரு. செபஸ்தியாம்பிள்ளை அவர்கள்,
தலைவர், வடலி நலன்புரிச் சங்கம்,
லா சாப்பல், பரிஸ்.

பொருள்: எனது சம்பந்தி வீட்டுக் கோட்டைக்கான கோடைச் சுற்றுலாவை நிறுத்துதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனது மகள் சுபாங்கி, அலஸ்டெயர் மக்டோரன் என்ற ஸ்கொட்லாந்துப் பெடியனை மணக்கவுள்ளாள். அவருடைய குலத்தின் பூர்வீகக் கோட்டைக்குச் சங்கம் பஸ் விடுவதாகச் செயலாளர் உதயன் ரூ பிலிப்-து-ஜிரார் தெருக் கடைகளிலெல்லாம் அறிவித்தல் ஒட்டியுள்ளார். மதிய உணவு சம்பந்தி வீட்டார் பொறுப்பாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதுவே எனது புகார்.

2. ஆனால் கதையைக் கொடுத்தவன் நான்தான். வெள்ளைக்காரப் பெடியன் என்றதும் சொந்தக்காரர் “ஆர் ஆக்கள்?” என்று குடைந்தார்கள். நல்ல பெடியன் என்று சொல்லியிருக்கலாம், துணிவு வரவில்லை. பெடியனின் தாய் காட்டிய ஒரு கோட்டைப் படம் ஞாபகம் வர, “அவைக்குக் கோட்டை இருக்கு” என்றுவிட்டேன். எல்லா வாயும் மூடியது, கதை மட்டும் உதயன் வரை போய்விட்டது.

3. கோட்டையின் சரித்திரத்தைப் பிறகுதான் விசாரித்தேன். மக்டோரன் தலைவர்கள் கடலோரப் பாறையில் கட்டியது. பக்கத்துக் குலம் ஒருமுறை எரித்தது. பின்னர் தோற்ற அரசனுக்காக வாள் தூக்கியதால் பறிபோனது. வாங்கியவர் கூரையையும் கழற்றி விற்றார். இன்று மிஞ்சியது சுவர்களும் செம்மறிகளும். ஆயினும் அந்தக் குலப்பெயர் உள்ள எல்லோரும் அதை எங்கள் கோட்டை என்பார்களாம். நாங்களும் ஊர்க்கோயிலை அப்படித்தானே சொல்கிறோம், கையில் காணி உறுதியா வைத்திருக்கிறோம்? இந்த மூளை எனக்கு அப்போது வேலை செய்யவில்லை. சம்பந்தி கிளாஸ்கோவில் பஸ் ஓட்டுகிறார்.

4. கடைத்தெருவில் “கோட்டையண்ணை, அங்கை ரொய்லெட் இருக்கோ?” என்கிறார்கள். அதைத் தாங்குவேன். தமிழ் வாசிக்கக் கஷ்டப்படும் என் மகள், அந்த அறிவித்தலை எழுத்துக்கூட்டி முழுதாக வாசித்தாள். அலஸ்டெயர் மட்டும் உங்களுக்குப் போதாதா என்று பிரெஞ்சில் கேட்டாள். நகரசபையில் பதிவு செய்யும் கலியாண எழுத்துக்கு நான் வரத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

ஆகவே பயணத்தை நிறுத்தி, அறிவித்தல்களைக் கழற்றுவிக்கவும். ஞாயிறு ஒன்றுகூடலில், கோட்டை இல்லை, சம்பந்தி பஸ் சாரதி, மாப்பிள்ளை நல்ல பெடியன் என்று எல்லோர் முன்னும் நானே சொல்லச் சில நிமிடங்கள் தரவும். மகளையும் அழைத்திருக்கிறேன், வருவாளோ தெரியாது. ஒலிவாங்கி இடையில் நின்றால் நானும் அதைச் சாட்டாக வைத்து இறங்கிவிடக்கூடியவன். எனவே அதை முன்கூட்டியே சரிபார்த்து வைக்கும்படி மிகத் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: செவ்ரான்
திகதி: 12.05.2025

இங்ஙனம்,
வெட்கத்துடன்,
க. இராஜேந்திரன்
(சுபாங்கியின் தகப்பன்)