அறைகளுக்கு நடுவே விட்ட இடம்

இன்று காலை அலுவலகத்துக்குப் புது வருடக் காலண்டர் கட்டு ஒன்று வந்தது. மேலே சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்ததும் சரியாகக் காயாத மையும் அட்டையும் கலந்த வாசனை எழுந்தது. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய்.

கட்டடக்கலை முதலாண்டு முழுக்க உன் பையில் இருந்த வாசனை அது. உங்கள் தெரு அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய காலண்டர் அட்டைகளைக் கட்டிக்கொண்டு சிவகாசியில் மதுரை பஸ் ஏறுவாய். விருதுநகரில் நான் ஏறும்போது உன் பக்கத்து சீட்டில் அந்தக் கட்டு உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "மெல்ல உக்காரு புள்ள, முனை மடங்கிரும்" என்பாய். வகுப்பில் மற்றவர்கள் கடையில் வாங்கிய வெள்ளை அட்டையில் மாடல் செய்வார்கள். நம் மாடல்களைத் திருப்பிப் பார்த்தால் பாதி முருகனும் கால் லட்சுமியும் தெரியும்.

அந்த முதல் பருவத்தில்தான் வடிவமைப்பு வகுப்பு எடுக்கும் ஸ்டூடியோ சார் அந்த வேலையைக் கொடுத்தார். சொந்த அனுபவம் ஒன்றை எடுத்து மாடலாகச் செய்ய வேண்டும். ஆனால், பார்த்ததும் இன்னதென்று பெயர் சொல்லக்கூடிய எதுவும் அதில் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் தெர்மாகோல் வீடு செய்து பரிசு வாங்கியவர்கள் நாம். நமக்கு அது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் அம்மா நர்ஸ். சிறுவயதில் அவர்கள் வேலை முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்ததை நினைத்து, அட்டையில் ஒரு நீள பெஞ்ச் செய்து கொண்டுபோனேன். "இது பெஞ்ச்சும்மா. காத்திருக்கிறது எங்க?" என்றார் சார்.

நீ பட்டாசுக் கம்பெனியின் அறைகளைச் செய்திருந்தாய். தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் கதவு. சார் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது கம்பெனியோட குட்டி பொம்மை. நீ சிவகாசிதானே? வெடிச்சுச் சிதறுறதச் செய்யேன், நல்லா கலரா வரும்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் நீ மாடலை வாங்கிக்கொண்டு வெளியே போனாய். மறுநாள் பஸ்ஸில் நீ இல்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூர் தாண்டி உன் வீட்டுக்கு வந்தேன். தீபாவளி சீசன், ஞாயிறும் வேலை இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த உன் அம்மாவை இறக்கிவிடும் வேன் இன்னும் வரவில்லை. படிப்பை விட்டுவிட்டு அச்சகத்தில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொன்னாய். ஏன் என்று கேட்டதற்கு, அதுவரை என்னிடம் சொல்லாததைச் சொன்னாய்.

"எங்க அம்மாவும் சித்தியும் ஒரே கம்பெனி, வேற வேற அறை. நான் எட்டாப்பு படிக்கும்போது சித்தி இருந்த அறை வெடிச்சிருச்சு. நடுவுல இடம் விட்டிருந்ததால அம்மா அறைக்கு ஒண்ணும் ஆகல. வெளிய ஓடியாந்துட்டாக. அங்கனயே நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காக. கிட்ட போக முடியல. அதப் போயி நான் கலரா செய்யணுமாம்."

"அந்த நடுவுல விட்ட இடத்தச் செய்யேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்த மாடலை எடுத்து வந்து கத்தியால் கூரைகளை அறுத்தாய். கதவுகளை அடைத்தாய். பிறகு சுவர்களையும் பிய்த்தாய். கடைசியில் ஓர் அறைக்கு ஒரு மடித்த அட்டைத் துண்டு மட்டும் நின்றது. அதில் ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்தாய். "இன்னும் தள்ளு" என்றேன். தள்ளினாய். "இன்னும்." அடியில் இருந்த பலகை முடிந்துபோனது. இன்னொரு பலகையைச் சேர்த்து ஒட்டினோம். ஓர் இடத்துக்கு அது போனதும் நான் வாயை மூடிக்கொண்டேன், நீயும் கையை எடுத்துவிட்டாய். எதை எடுத்தால் மிச்சம் எல்லாம் செத்துப்போகுமோ, அதை மட்டும் விட்டு வைப்பதுதான் சார் கேட்டது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

திங்கட்கிழமை சார் அதன் முன் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "இங்க ஏன் இவ்வளவு இடம் காலியா விட்டிருக்க?"

"காலியில்ல சார். அந்த இடத்தாலதான் எங்க அம்மா உசுரோட இருக்காக. அந்த இடத்தாலதான் எங்க சித்திகிட்ட யாரும் போக முடியல."

"அன்னிக்கு கலர்னு சொன்னேனே, மனசுல வச்சுக்காதம்மா" என்றார் சார்.

ஆண்டுக் கண்காட்சிக்கு உன் அம்மா வந்தார்கள். உன் மாடலைப் பார்த்ததும், "இதென்ன, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு!" என்று சிரித்தார்கள். நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். பஸ் ஏறும்போதுதான் கேட்டார்கள்: "ஏ புள்ள, ஒண்ணு மட்டும் தனியா நின்னுச்சே, அது உங்க சித்திதான?" வீடுவரை அம்மாவின் கையை விடவில்லை என்று பிறகு சொன்னாய்.

அதன்பின் நீ மதுரையில் எத்தனையோ வீடுகள் கட்டினாய். பிறகு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க நான் வந்தது ஒரு மத்தியானம். வார்டின் கடைசிக் கட்டிலில் சன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். பேசினால் மூச்சு வாங்கியது. ஆனாலும் அந்த மாடலைப் பற்றித்தான் பேசினாய்.

"அத நான் அம்மா நின்ன பக்கத்துல இருந்துதான் செஞ்சேன் புள்ள. சித்தி பக்கத்துல இருந்து பாக்கவே இல்ல. இங்கன படுத்திருக்கும்போதுதான் தெரியுது, மத்தவுகள்லாம் எம்புட்டு தூரத்துல இருக்காகன்னு."

நான் ஸ்டூலை விட்டு எழுந்து உன் கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்தேன். நர்ஸ் வந்து, அப்படி உட்காரக் கூடாது என்றார். இறங்கவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு என் முழங்கை மேல் தலையைச் சாய்த்தாய்.

போன மாதம் மல்லாங்கிணற்றில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வரைபடம் போட்டேன். நர்ஸ் மேசையை வழக்கம்போல வாசல் ஓரத்தில் வைக்காமல், வார்டின் நடுவில் கொண்டுவந்து வைத்தேன். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. "ஆள் நடமாட்டத்துக்கு இடைஞ்சலா இருக்குமே" என்றார்.

"இருக்கட்டும் சார்" என்றேன். "கடைசிக் கட்டில்ல இருக்கவுகளுக்கு ஒரு முகம் தெரியட்டும்."