இந்தப் பையைப் பாத்துக்குங்க

ஜெப்ரி கண்ணு,

சிங்காநல்லூரில் மழை. உன் இருமல் நின்றதா?

தொண்ணூற்றெட்டு கோவைக் குண்டுவெடிப்பில் ஆளை இழந்த குடும்பங்கள் சேர்ந்து ஒரு படம் எடுக்கிறோம். பழசைக் கிளறாதே என்று நீ ஃபோனை வைத்ததால், அதற்குமேல் உன்னிடம் சொல்லவில்லை. வசனம்கூட எல்லோரும் உட்கார்ந்துதான் எழுதுகிறோம்.

நேற்று அப்பா வேலை பார்த்த சைக்கிள் ஸ்டாண்ட் காட்சியை எழுத உட்கார்ந்தோம். குண்டுப் பையை வைக்கிறவனுக்கு எங்களில் ஒருவரான கதிர்வேல் முரட்டு வசனம் எழுதியிருந்தார். "அவன் அப்படிப் பேசலீங்க" என்றேன். ஆஸ்பத்திரியில் அப்பா என்னிடம் சொன்னதைச் சொன்னேன். "ஏனுங்க, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க, இப்ப வாரேன்." மரியாதையாகக் கேட்டானே என்று அப்பா அதை விட்டு நகரவே இல்லை.

மகனைப் பறிகொடுத்த கருப்பாத்தாள் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அவன் 'ங்க' போட்டுப் பேசுனா நம்மூட்டுப் பையனாட்ட ஆயிருமுங்களே" என்றார். பிறகு அவரே, "அப்படித்தான் பேசுனான்னா அப்படியே இருக்கட்டுமுங்க" என்றார்.

அப்பாவாக நடிக்கத்தான் ஆள் இல்லை. இந்த வருடம் உனக்கு அவர் போனபோது இருந்த வயது. நிற்பதும் அவர் மாதிரியேதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் படப்பிடிப்பு. 'வாரேன்' என்று மட்டும் பதில் போடாதே, கண்ணு. வந்துவிடு.

அம்மா