தஸ்பீஹ் மாலையில் இருந்தது

ஸாபிரின் உம்மாவுக்கு சலாம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது, பதினைந்து வருடமாகத் தோல் கிருமிகளை ஆராயும் டாக்டர் நாஹித்.

தீக்காய வார்டில் நோயாளிகளின் கட்டிலைத் தள்ளும்போது, பயந்தவர்கள் கையில், நான் ஓதி எண்ண நீ தந்த தஸ்பீஹ் மாலையைக் கொடுப்பேன். நாலு பேருக்குப் புண் சீழ்பிடித்தது. நாஹித் அந்தப் புண்களிலும் அவர்கள் தொட்ட பொருள்களிலும் இருந்த கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்.

“மாமா, நாலு புண்ணுலயும் ஒரே தாயோட பிள்ளைங்க. அந்தத் தாய் உங்க மாலை நூல்ல குடியிருக்கு.”

“பதினோரு வருஷமா ஓதின மாலைம்மா.”

“ஓதினீங்க, கழுவலியே.”

தலை நிமிரவில்லை எனக்கு. மூவர் தேறிவிட்டார்கள். தையல்காரர் ஷவ்கிக்கு மட்டும் காய்ச்சல் விடவில்லை. விஷயம் தெரியாமல் இன்னும் என்னிடம், “மாலை எங்கப்பா?” என்று கை நீட்டுகிறார்.

வேறு மாலை அனுப்பாதே, விரலில் எண்ணிக்கொள்கிறேன். ஆலிவ் சோப்பு இரண்டு அனுப்பு. ஷவ்கியை அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகக் கூப்பிடுகிறார்கள். மாலையின் விஷயத்தை வழியிலேயே அவரிடம் சொல்லிவிடுவேன். எங்களுக்காக அல்லாஹ்விடம் துஆ செய்.

ஸாபிரின் வாப்பா