மூணு சக்கர வண்டிக்கு ஒரு வீடு

அன்புள்ள மசநோரிக்கு,

இங்க நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீ அந்த ராட்டர்டாம் குளிர்ல வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும். இந்தத் தடவை புயல் நம்ம பக்கம் வராம கடலோடயே போயிடுச்சு, அந்தக் குறையை உங்கப்பா தீர்த்து வைக்கிறார்.

புத்தாண்டுக்கு வந்தப்ப நீ அவரை அதட்டி, போலீஸ்ல கார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வச்சே. தப்புன்னு சொல்லலை, எழுபத்தெட்டு வயசுல டோஃபு கடைச் சுவரை இடிச்ச மனுஷன். அன்னையிலேர்ந்து உன்கிட்ட பேசறதில்லை, நீ போன் பண்ணா சுட்டுக்கிட்ட மாதிரி என் கையில தள்ளிடறார், அது உனக்கே தெரியும். உன்கிட்ட நான் சொல்லாதது, காரை வித்த நாள்லேர்ந்து அவர் கேட்டைத் தாண்டலை. துறைமுகத்துச் சிநேகிதங்க கோ பலகை ஆட்டம் விளையாடக் கூப்பிட்டா முட்டி வலிங்கறார். சரின்னு சைக்கிள் கடை நுமாதா அம்மாகிட்ட பெரியவங்க ஓட்டற மூணு சக்கர சைக்கிள் ஒண்ணு சொல்லி வச்சேன். உங்கப்பா, வாங்கலாம், ஆனா பூட்டு போட்டு வைக்க முதல்ல ஒரு கொட்டகை வேணும்னார். நானும் நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!

ஆறு மாசமா கேட்லாக்தான். தகரக் கொட்டகைன்னா உப்புக் காத்துல துருப்பிடிக்குமாம். மரம்னா கரையானாம். துணிக் கூடாரம்னா, எதிர்வீட்டு ஒகிமோட்டோவோடது போன வருஷப் புயல்ல பறந்து சீமைப்பனிச்சை மரத்துல தொங்குச்சேங்கறார். அட்டைப்பெட்டியை சைக்கிள் அளவுக்கு வெட்டி முற்றத்துல போட்டு, கதவு இப்படித் திறந்தா பின்சக்கரம் இடிக்கும், அப்படித் திறந்தா கேஸ் மீட்டர் பாக்க வர்றவன் இடிப்பான்னு ஒரே ஆராய்ச்சி. காலியாக் கிடக்கற, கார் நிறுத்தற கூரைக்குக் கீழ விடலாமேன்னு கேட்டா, கார் நின்ன இடத்துல அந்த பொம்மை வண்டியான்னு கத்தறார். போன செவ்வாய்க்கிழமைதான் என் மரமண்டையில உறைச்சுது, கொட்டகை அமையாத வரைக்கும் இவர் வெளியே போக வேண்டாமே! வந்த கோவத்துல நுமாதா அம்மாவைக் கூப்பிட்டு அன்னைக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, கார் கூரைத் தூண்ல சங்கிலி போட்டுக் கட்டிட்டேன். திருட்டுப் போனா என்னைக் கேக்காதேன்னு ராத்திரிச் சோறு வரைக்கும் புலம்பல்.

மறுநாள் காலையில துணி காயப்போட்டுட்டு வந்து பாத்தா வண்டியைக் காணோம். ஐயோ, அவர் வாய் பலிச்சுதேன்னு உள்ளே ஓடினா செருப்பு மாடத்துல அவர் பூட்ஸும் இல்லை. கேட்டுக்கும் தெருமுனைக்குமா நடந்தேன், எந்தச் சரிவுல விழுந்து கிடக்காரோன்னு. ஒரு மணி நேரம் கழிச்சு மூஞ்சி சிவந்து வந்து நிக்கறார், கூடையில அளவு நாடா! தெருத்தெருவா அடுத்தவன் வீட்டு சைக்கிள் கொட்டகையெல்லாம் எட்டிப் பாத்திருக்கார். ஒருத்தனுக்கும் வைக்கத் தெரியலைன்னார். அப்புறம் மிசோ சூப்பை உறிஞ்சிக்கிட்டே, மசநோரியைக் கேளு, அந்த ஊர்ல எல்லாரும் சைக்கிள்தானே, மழையில எங்கதான் வைக்கறாங்கன்னார். ஒம்பது மாசத்துல உன் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அதனால நீ எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு, அளவெல்லாம் குறிச்சு, படம் போட்டு எழுது. எந்தக் கொட்டகையா இருந்தா எனக்கென்ன. நீயும் ஹெல்மெட் இல்லாம ஓட்டாதே, நூறு வருஷம் நல்லா இரு. கவர்மேல மட்டும் என் பேர் வேண்டாம், அவர் பேரை எழுது.

உன் அம்மா
தொமியே