வெளியேற வழியில்லாத ஆட்டம்

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு, அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், நீயும் டொராண்டோ குளிரைத் தாங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் என் மானம் போன கதை. செவ்வாய்க்கிழமை காலையில் கரண்ட் போய்விட்டது, லேப்டாப்பில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது, அதைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மேலுக்குச் சட்டைகூட இல்லாமல், இன்வெர்ட்டர் இருக்கிற மெஹராஜ் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். எதிரே வந்த கன்னியாஸ்திரீகள் நற்கருணைப் பவனி என்று நினைத்தார்களோ என்னவோ, ஒதுங்கி வழிவிட்டார்கள். என்னண்ணே, மூடிக் கொண்டாந்தா கடிச்சுருமா என்று மெஹராஜ் கேட்டான். அப்டேட் ஓடுதுப்பா என்று பெரிய இன்ஜினீயர் மாதிரி சொல்லி வைத்தேன்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை குறையில்லாமல் முடிந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து உன் சித்தப்பா மரியராஜ் ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்தான், ஒத்த ஆளுக்கு இம்புட்டா என்றால், அது மரத்துக்குத் தெரியாதே என்கிறான். ஆக்கித் தின்கிறேன், உப்புப் போட்டேனா இல்லையா என்று தின்று முடித்த பிறகும் தெரிவதில்லை. லேப்டாப் ஏன்ப்பா எந்நேரமும் ஓடுது என்று நீ கேட்டபோது பழியை உன்மேல் போட்டேன், பைத்தான் புரோகிராம் படிக்கத் தொடங்கிய புதிதில் அம்மாவுக்கு நீ எழுதிக் கொடுத்த நம்பர் கண்டுபிடிக்கிற ஆட்டத்தில் வெளியேற வழியே இல்லை, சரியாகச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று. அம்மாவும் சொல்வாள், உங்க மக எழுதுனதுல்ல, பின்ன எப்பிடி விடும், அது பாட்டுக்குக் காத்துக்கெடக்கட்டும் என்று பாதியில் எழுந்து உலை வைக்கப் போய்விடுவாள். நீ சொன்னபடி, போதும் என்று அடித்தால் பிரேக் ஆகி ஆட்டம் நிற்கிற இரண்டு வரியைச் சேர்த்துவிட்டேன். முதல் வரிக்கு நாலு இடம் விடு, அடுத்ததற்கு எட்டு விடு என்றாய், எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எட்டுவரை எண்ண வந்ததே பெரிது. ஓடிக்கிட்டிருக்கிற பழையதை மூடிட்டுப் புதுசை ஓட்டிப் பாருங்கப்பா என்றாய். ஞாயிற்றுக்கிழமை போனில், ஓட்டிட்டேன்மா, நல்லா வெளிய வருது என்றேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. கல்லறைத் திருநாளுக்கு வர முடியுமா என்று பார், கட்டாயமில்லை. மாதா உன் கூடவே இருப்பாள்.

போனில் சொல்ல வாய் வராத ஒன்று. நான் பழையதை மூடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று அம்மா அடித்த அறுபத்திரண்டு அதில் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, இன்னும் பெரிய நம்பர் சொல்லுங்கம்மா என்று கேட்டுவிட்டு, அது காத்துக்கொண்டிருக்கிறது.

உன் அப்பா,
செபஸ்தியான்
திண்டுக்கல்