குலுக்கிப் பிரித்த போல்ட்டுகள்

மார்ச் 4
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஹார்டுவேர் கடைக்கு வந்த பிளம்பர் முன்னால் அக்காவிடம், "நீ இல்லாட்டியும் இந்தக் கடை ஓடும்" என்று சொல்லிவிட்டேன். அளவு பார்த்து அவளே பிரித்து வைத்திருந்த நட்டு, போல்ட், திருகு அத்தனையையும் டப்பா டப்பாவாக ஒரே டிரம்மில் கொட்டினாள். "ஓட்டு, பாக்கலாம். இனிமே இந்தக் கவுண்டருக்குள்ள நான் கால் வெச்சா ஏன்னு கேளு."

போய்விட்டாள். பிளம்பர் தோள் வரை கையை விட்டு அரை அங்குல போல்ட்டைத் தேடினார்.

மார்ச் 6
பிரித்து மாளவில்லை. அக்கா போனை எடுப்பதில்லை.

மார்ச் 7
ஆத்திரத்தில் டிரம்மிலிருந்து ஒரு வாளி அள்ளி, பெயிண்ட் குலுக்கும் இயந்திரத்தில் கட்டி ஓடவிட்டேன். ஏன்? தெரியாது. நிறுத்திப் பார்த்தால் பெரிய போல்ட் எல்லாம் மேலே, பொடித் திருகு எல்லாம் அடியில் — கலக்குகிற இயந்திரம் பிரித்துக் கொடுக்கிறது. சொன்னால் யார் நம்புவார்கள்? அக்கா நம்புவாள். அவளிடம்தான் சொல்ல முடியாது.

மார்ச் 9
வேடிக்கை பார்க்கக் கூட்டம். வந்தவர்கள் ஆளுக்கொரு திருகாவது வாங்குகிறார்கள். அத்தானும் வந்தார், அக்காவுக்காக உளவு பார்க்க. "இதையே திருப்பிச் சுத்தவிட்டா பழையபடி கலந்துடுமா?" என்றார். மோட்டார் வயரை மாற்றிக் கொடுத்து ஓட்டினோம். கலையவில்லை. இன்னும் நன்றாகப் பிரிந்தது. எப்படிச் சுற்றினாலும் நாலாம் தேதி காலைக்குப் போக வழியில்லை.

"அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"கடை ஓடுதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க அத்தான்."

ஓடுகிறது. அதுதான் கஷ்டமே.

மார்ச் 12
அக்கா வந்தாள். வாடிக்கையாளராக. "கால் அங்குல போல்ட் ஒண்ணு குடு." கொடுத்தேன். போகாமல் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள வாக்கா. அன்னிக்குச் சொன்னது தப்பு."

"தப்புதான். ஆனா நானும் சொல்லிட்டேனே. சொன்னது சொன்னதுதான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ பக்கத்தில் நின்றவரிடம், "உங்க குழாய்க்கு இது பத்தாது, பெருசா வாங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 13
இன்றும் ஒரு போல்ட் வாங்கினாள். மாலை வரை ஸ்டூல்.

மார்ச் 20
பொறுக்க முடியாமல் நானும் வெளியே போய் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டேன். உள்ளே ஆளே இல்லை. வந்தவர்கள் கொஞ்ச நேரம் முழித்தார்கள். பிறகு பிளம்பர் உள்ளே நுழைந்து தனக்கு வேண்டியதை எடுத்தார். பின்னால் வந்த தச்சருக்கும் எடுத்துக் கொடுத்தார். மதியத்துக்குள் நுழைய ஒரு பக்கம், வெளியேற ஒரு பக்கம் என்று வரிசை தானாக அமைந்துவிட்டது. காசை அக்கா மடியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அக்கா கேட்டாள்: "கல்லாப்பெட்டி மட்டும் ஏண்டி இன்னும் உள்ளயே இருக்கு?"

நாளை அதை இந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்.