உழாத மேடு

2024 மே 12, பாராடாங், அந்தமான்

பக்கத்து நிலத்து வங்காளிக்காரர் நிர்மல் தாதாவின் நெல்வயலை உழுது முடித்தேன். இந்தத் தீவில் என் பவர் டில்லர் ஏறாத நிலம் குறைவு. வீட்டுக்கு வந்தால் மனைவி விஜயா சொல்கிறாள்: "நம்ம மேட்டுக்கு மட்டும் இந்த வருஷம் மெஷின கொண்டு வராதீங்க."

போன மழையில் உழுத மண் முழுக்கச் சேறாகி ஓடையில் இறங்கியதை அவள் நின்று பார்த்தாள். கட்சால் தீவில் அவள் அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே கொடிப்பயிர் படரவிடுவார்களாம்; மண்ணை யாரும் கிளற மாட்டார்களாம்.

உழுது பிழைக்கிறவன் சொந்த நிலத்தை உழாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? சரி என்றேன். மனசில்லாமல்தான்.

மே 27

கூர்க்கம்பால் குழி போட்டு மக்காச்சோளம் ஊன்றினோம். மேலே காய்ந்த புல்லை மூடாக்காகப் பரப்பினாள். வேலியோரம் நிர்மல் தாதா. "க்யா பாய், மெஷின் பீமாரா?" மெஷினுக்கு உடம்பு சரியில்லையாம். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 22

பயிர் மஞ்சளடித்துவிட்டது. கத்திவிட்டேன்.

விஜயா ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். "தப்பு என்னோடதுதான். வெறும் காஞ்ச புல்லப் போட்டுட்டேன். அது மக்குறப்ப பயிருக்கு வேண்டிய சத்தையும் சேத்துத் தின்னுருது. பச்சத் தழையும் போட்டிருக்கணும்." தப்பை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாள். எனக்கு அது வராது.

ஆகஸ்ட் 25

அறுவடை. ஒரே ஒரு மூட்டை. தாளை அப்படியே மடக்கிப் போட்டுவிட்டு, அன்றே தட்டைப்பயறு ஊன்றினாள்.

செப்டம்பர் 10

தன் தங்கை ரூபாவின் பிரசவத்துக்காக விஜயா போர்ட் பிளேயர் போயிருக்கிறாள். இன்று டில்லரை மேட்டுக்கு ஏற்றினேன். ஓடைப் பக்கத்துப் பாதியை, ஒரு சாண் வளர்ந்திருந்த பயறோடு உழுதுவிட்டேன். புது மண் வாசனை நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 14

மூன்று நாளாக மழை. உழுத பாதியில் முழங்கை ஆழத்துக்கு அரிப்பு. மேல்மண் போயேபோச்சு. பயறு நின்ற பாதியில் தண்ணீர் தெளிவாக வடிகிறது.

ஏன் செஞ்சேன்? அவ தோக்கணும்னா? என்ன மனுஷன்டா நீ.

செப்டம்பர் 20

ஜெட்டியில் அவள் இறங்கியதுமே சொல்லிவிட்டேன்.

"ஏன் உழுதீங்க?"

"நீ சொன்னது தப்புன்னு காட்ட."

மேட்டுக்கு நேராக நடந்தாள். அரித்த இடத்தில் உட்கார்ந்து அடிமண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கையை உதறிவிட்டு எழுந்து, "வேலியில நிக்கிற கிளைரிசிடியா மரத்துல போத்துக் குச்சி வெட்டிட்டு வாங்க. சரிவுக்குக் குறுக்கே நடுவம், வேர் மண்ணப் பிடிச்சுக்கும்" என்றாள்.

வெட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வரிசை நட்டு முடித்த பிறகுதான் சொன்னாள்: "இனிமே எங்கிட்ட கேக்காம செய்யாதீங்க." அவ்வளவுதான். இப்படி ஒருத்தி எனக்கு அமைய நான் என்ன செய்தேன்?

அக்டோபர் 6

எல்லாப் போத்திலும் துளிர்.

அக்டோபர் 13

பயறைப் பச்சையாகவே வெட்டி மண்மேல் பரப்பினோம். வேலிக் கிளைரிசிடியாத் தழையும் நான்கு சுமை. நடுவே மக்காச்சோளம் ஊன்றினோம். உழாத பாதியில் விரலால் தோண்டினாலே குழி விழுகிறது. மண் அவ்வளவு பொலபொலப்பு.

2025 ஜனவரி 19

உழாத பாதியில் மட்டும் இரண்டு மூட்டை. கதிரில் நுனிவரை மணி. நான் கெடுத்த பாதியில் கால் மூட்டைகூடத் தேறவில்லை. அது ஆற வருஷங்கள் ஆகும்.

"உன்னாலதான் விஜயா" என்றேன்.

"மண்புழுவுக்குச் சொல்லுங்க" என்றாள். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. சாப்பிடும்போது இரண்டு முறை தானாகச் சிரித்துக்கொண்டாள். கவனித்தேன்.

மே 5

நிர்மல் தாதாவின் நெல்வயலை உழுதேன். தன் மேட்டையும் உழச் சொன்னார்.

"அங்க வேணாம் தாதா, மண்ணு போயிரும்."

"ஆப்கா காம் ஜாயேகா, பாய்." உங்கள் வேலைதானே போகும் என்கிறார்.

"போகட்டும் தாதா."

உழாமல் நட்டுப் பார்க்க அவரும் சம்மதித்தார்; மதியத்துக்குமேல் விஜயாவையும் கூட்டிக்கொண்டு அவர் மேட்டுக்குப் போனேன். அவள் கயிறு பிடித்து வரிசை காட்டினாள். நான் கம்பால் குழி போட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன்.